நாற்பத்தாறாம் ஆணி

கடம்பத்தூரில் ஏறினால் திருவள்ளூர் பத்து நிமிஷம். உட்கார இடம் தேடி முடிப்பதற்குள் இறங்க வேண்டி வரும் என்பதால் நான் தேடுவதே இல்லை. போன வாரம் என் மனைவி ரோசியின் மூக்குக்கண்ணாடி ஒரு கால் உடைந்து கடையில் கிடந்தது. அதை வாங்கி வரக் கிளம்பினேன். மின்சார ரயிலில் நல்ல கூட்டம். மேலே கம்பியைப் பிடித்து வரிசையாக ஒரு இருபது கைகள். முகத்தைப் பார்த்தால் முறைப்பார்கள், கையைப் பார்த்தால் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. எனக்கு ஆண்களின் மோதிர விரலைப் பார்க்கிற ஒரு கெட்ட பழக்கம் உண்டு. அன்றைக்கு எண்ணிப் பார்த்தேன். இருபது கைகளில் மூன்றில்தான் மோதிரம், அதிலும் ஒன்று ராசிக்கல்.

என் தோளுக்குப் பக்கத்தில் இருந்த கை ஓர் இளைஞனுடையது. கழுத்தில் ஏதோ கம்பெனியின் அடையாள அட்டை தொங்கியது. அவனை ஒட்டி நின்ற பெண்ணின் கழுத்தில் மஞ்சள் வாசனை போகாத புதுத் தாலிக் கயிறு. அவன் விரலிலோ ஒன்றுமில்லை. வயதானவனுக்கு வாய் சும்மா இருக்குமா? கேட்டே விட்டேன், மோதிரம் போடுவதில்லையா என்று.

"பீரோல கீதுண்ணா. எதுனா விசேஷம்னா போட்டுக்குவேன்."

அந்தப் பெண் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, "நானும் தாலிய பீரோல வச்சிட்டு வரட்டா?" என்றாள். அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. நான் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் கம்பியை மாற்றிப் பிடித்தேன்.

அவன் சட்டையில் இருந்து லேசாக ஒரு வாசனை வந்தது. மெஷின் எண்ணெய். எத்தனை சோப்பு போட்டாலும் நகக்கண்ணில் கொஞ்சம் தங்கிவிடும். எங்கள் காலத்தில் சோப்புக் கட்டி கிடையாது, மரத்தூளில் சோப்புத் தூளைக் கலந்து ஒரு டின்னில் வைத்திருப்பார்கள். அள்ளி இரண்டு கையிலும் பரபரவென்று தேய்த்தால் எண்ணெயோடு ரேகையும் போய்விடும் போலிருக்கும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் முடிந்து வெளியே வருகிற ஆயிரம் பேருக்கும் அந்த ஒரே வாசனைதான். ஒரு கல்யாண வீட்டில் கண்ணை மூடிக்கொண்டு நின்றால்கூட, இன்னார் பிரஸ் ஷாப் ஆள் என்று என்னால் சொல்ல முடியும்.

மோதிரம் என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அப்பாவின் கைதான். அதில் மோதிரம் கிடையாது, அதனால்தான். எங்கள் குடும்பம் அப்போது அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டு, களை பறித்துப் பிழைத்த குடும்பம். கல்யாணத்துக்கு மாதா கோயிலில் மோதிரம் மாற்றியாக வேண்டுமே? அதற்கென்று கோயிலிலேயே ஒரு ஜோடி மோதிரம் இருந்ததாம். பீடத் துணிகளோடு ஒரு தகர டப்பாவில் கிடக்கும். வசதியில்லாத மாப்பிள்ளையும் பெண்ணும் அதை மாற்றிக்கொள்வார்கள். பூசை முடிந்து வெளியே வரும்போது கோயில் வேலைகளைப் பார்க்கும் உபதேசியார் வாசலில் கையை நீட்டிக்கொண்டு நிற்பார், கழற்றிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். ஆக, அப்பா கல்யாண மோதிரம் போட்டிருந்தது மொத்தம் அரைமணி நேரம். மறுநாள் சேற்றில் இறங்கிவிட்டார். அம்மாவுக்கு அதில் ஒரு குறையும் இருந்ததாகத் தெரியவில்லை. சேற்றுக்குள் போய்விட்டு வருகிற கையை வேறு யார் பிடித்து வைத்துக்கொள்ளப் போகிறார்கள்?

எங்கள் வீட்டில் கம்பெனி வேலைக்குப் போன முதல் ஆள் நான். சொந்த மோதிரம் போட்ட முதல் ஆளும் நான்தான். மேலே ஒரு சின்னச் சிலுவை, உள்ளே ரோசியின் பெயருக்காக 'ஆர்' என்று ஓர் எழுத்து. கல்யாணமான புதிதில் கையை எங்கே வைத்துக்கொள்வது என்றே எனக்குத் தெரியவில்லை. டீக்கடையில் கிளாஸை அந்தக் கையால்தான் வாங்குவேன். பெரிய ஜமீன்தார் என்று நினைப்பு.

கும்மிடிப்பூண்டியில் ஒரு அறை வாடகைக்கு எடுத்திருந்தோம். லீவு முடிந்து முதல் ஷிப்டுக்குக் கிளம்பிய காலையில், ரோசி சாப்பாட்டுப் பையைக் கொடுத்துவிட்டு என் விரலைப் பிடித்துக்கொண்டாள். "இன்னா வேல இருந்தாலும் இத மட்டும் கயட்டாதீங்க" என்றாள். புதுப் பெண்டாட்டி ஆசையாகச் சொல்கிறாள் என்று நினைத்து, சத்தியமாகக் கழற்ற மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகுதான் காரணத்தைச் சொன்னாள்.

அவள் ஊர் எல்லையோரத்து எளாவூர். அவள் அப்பா லாரி டிரைவர், ஆந்திரா பக்கம் லோடு அடிக்கிறவர். "எங்க நைனா செக்போஸ்ட் தாண்டனதும் மோதரத்த கயட்டி சாமி படத்துக்குப் பின்னால வச்சிருவாராம். திரும்பி வர்றப்ப மாட்டிக்குவாராம். எங்கம்மாவுக்கு அது தெரிய பதிமூணு வருசம் ஆச்சு." நெல்லூருக்கு அந்தப் பக்கம் அவருக்கு இன்னொரு குடும்பம் இருந்திருக்கிறது, இரண்டு பிள்ளைகளோடு. ஒருநாள் அங்கேயே தங்கிவிட்டார். ரோசி இதை அழாமல் சொன்னாள். கேட்டுக்கொண்டே நான் பஸ்ஸுக்கு ஓடினேன்.

கம்பெனி வாசலில் போர்மேன் நின்றிருந்தார். லாரிக்குச் சேரும் தகட்டுச் சாமான்களை அழுத்தி எடுக்கும் பிரஸ் ஷாப் எங்களுடையது. போர்மேனுக்கு வலது கையில் நாலு விரல்தான். மோதிர விரல் இருந்த இடத்தில் ஒரு மொட்டு. அடுக்கி வைத்த தகட்டின் மேலிருந்து குதித்தபோது மோதிரம் ஒரு விளிம்பில் மாட்டிக்கொண்டதாம். அவர் கீழே வந்துவிட்டார், விரல் மேலேயே நின்றுவிட்டது. யாருக்குக் கல்யாணம் நடந்தாலும், திரும்பி வந்த முதல் நாளில் அந்த மொட்டை மூக்குக்கு நேராக நீட்டுவார். மற்றபடி கல்யாணப் பரிசு எதுவும் அவரிடம் கிடையாது. என்னையும் அப்படித்தான் டூல் ரூமுக்கு அனுப்பினார்.

டூல் ரூம் காசிம் பாயின் ராஜ்ஜியம். பழவேற்காட்டுக்காரர். ஜன்னலுக்குப் பின்னால் சுவரில் வெள்ளையடித்த ஒரு பெரிய பலகை. அதில் வரிசையாக ஆணிகள், ஒவ்வோர் ஆணியிலும் நம்பர் போட்ட பித்தளை வில்லை. அதே நம்பரில் ஒரு வில்லை எங்களிடமும் இருக்கும், ஸ்பேனர் மாதிரி கருவி வாங்கினால் அதைக் கொடுக்க வேண்டும், அதற்காகச் செய்த பலகை அது. ஆனால் என்றைக்கோ ஒருநாள் யாரோ ஒருவர் தன் மோதிரத்தைப் பாயிடம் கொடுத்திருக்கிறார், பாய் அதை அவருடைய ஆணியிலேயே மாட்டியிருக்கிறார். அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. ஷிப்ட் நடக்கும்போது எட்டிப் பார்த்தால் பலகை பூராவும் மோதிரம். மெல்லிசு, தடி, கல் வைத்தது, பாம்பு மாதிரி சுற்றியது, மாமனார் பெருமைக்குப் போட்ட பட்டை மோதிரம். எவனுக்குக் கல்யாணமாகியிருக்கிறது, எவன் இன்றைக்கு லீவு என்று எல்லாம் அதைப் பார்த்தே சொல்லிவிடலாம். என் நம்பர் நாற்பத்தாறு.

பாயின் விரலில் ஒரு வெள்ளி மோதிரம் மட்டும் இருக்கும். அவர் மெஷின் பக்கம் போவதில்லை, அதனால் கழற்ற வேண்டியதில்லை. ஆம்பிளைக்குத் தங்கம் ஆகாது என்பது அவர்கள் வழக்கம். வெள்ளியும் கல்யாணத்துக்குப் போட்டதில்லையாம், சும்மா ஆசைக்குப் போட்டது. உங்கள் வீட்டில் எப்படி பாய் நம்புகிறார்கள் என்று ஒருநாள் விளையாட்டாகக் கேட்டேன். தன் வீட்டுக்காரி தன் குரலைக் கேட்டே எல்லாம் கண்டுபிடித்துவிடுவாள் என்றார்.

முதல் நாளே நான் மோதிரத்தைக் கழற்றினேன். சத்தியம் செய்து இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் ரோசியிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அன்றைக்கு வேண்டாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப் போட்டேன். நாளைக்குச் சொன்னால் நேற்று ஏன் சொல்லவில்லை என்பாளே, அதனால் அடுத்த நாளும் இல்லை. இப்படியே ஒரு வருஷம் ஓடியது. எனக்குத் தைரியம் கொஞ்சம் கம்மி, இப்போதும் அப்படித்தான். அவள் தினமும் பையை வாங்கும் சாக்கில் என் விரலைத் தொட்டுப் பார்ப்பாள். நான் சிரிப்பேன். எளாவூர் செக்போஸ்ட் என் வாசலுக்கே வந்துவிட்டது என்று எனக்கு அப்போது புரியவில்லை, பாசம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு ஒரு புரட்டாசி மாதம். அன்றைக்குப் பாய் ஊரில் ஏதோ கல்யாணம் என்று லீவு. மூணு மணிக்கு ஷிப்ட் பஸ் ஹாரன் அடிக்கிறது. நாங்களே ஜன்னல் வழியாகக் கையை விட்டு அவரவர் மோதிரத்தை எடுத்துக்கொண்டு ஓடினோம். பாதிக் கையில் எண்ணெய், பாதிக் கையில் மரத்தூள். விரலில் ஏறியதா, ஏறியது. அதற்கு மேல் யார் பார்த்தார்கள்?

வீட்டில் நான் கால் கழுவிக்கொண்டிருந்தேன். ரோசி துண்டைக் கொடுத்தாள், வழக்கம்போல விரலைத் தொட்டாள், அப்படியே நின்றாள். மோதிரத்தை உருவி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். சிலுவை இல்லை. அந்த இடத்தில் 'எம்' என்று ஓர் எழுத்து.

"இது யாரு?"

முனுசாமி என்றேன். உண்மையும் அதுதான். நாற்பத்தேழாம் நம்பர், என் பக்கத்து மெஷின், தன் பெயரையே தன் மோதிரத்தில் போட்டுக்கொண்ட மகாராஜன்.

"ஒருநாளும் கயட்டாத மோதரம், முனுசாமி மோதரத்தோட எப்படி மாறுச்சு?"

எந்தப் பக்கம் போனாலும் மாட்டிக்கொள்கிற கேள்வி. மோதிரம் முனுசாமியுடையது இல்லை என்றால் நான் கெட்டவன், முனுசாமியுடையதுதான் என்றால் நான் பொய்யன். நான் பொய்யனாக இருக்கச் சம்மதித்து, பலகை, ஆணி, போர்மேன் விரல் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். ஒரு வருஷம் தாமதமாகச் சொன்ன உண்மைக்கு என்ன மதிப்பு இருக்கும்? மறுநாள் நான் வேலையில் இருந்தபோது, சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு எளாவூர் போய்விட்டாள்.

முனுசாமி வீட்டிலும் ரகளைதான். காலையில் கம்பெனி கேட்டிலேயே என்னைப் பிடித்துக்கொண்டான். சிலுவை மோதிரத்தோடு வீட்டுக்குப் போன அவனைப் பார்த்து அவன் பெண்டாட்டி, எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் எப்போது கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்தாய் என்று அழுதிருக்கிறாள். அவன் அம்மாவும் சேர்ந்துகொண்டு, மாரியம்மன் கோயிலுக்கு இழுத்துப்போய்க் கற்பூரம் ஏற்றி நெற்றி நிறைய விபூதி பூசிய பிறகுதான் சோறு போட்டார்களாம். விபூதி இன்னும் புருவத்தில் இருந்தது. வேறு நேரமாக இருந்தால் நான் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். மோதிரத்தை மாற்றிக்கொண்டோம். அவனுடைய பிரச்சினை அத்தோடு முடிந்தது.

வார லீவில் எளாவூர் போனேன். லாரிகள் நிற்கும் ரோட்டுக்குப் பின்னால் அவர்கள் வீடு, பேசினால் பாதி ஹாரனில் போய்விடும். மாமியார் டீ கொடுத்துவிட்டு வெளியே போய் உட்கார்ந்துகொண்டார். ரோசி என்னைத் திட்டுவாள் என்று தயாராகப் போயிருந்தேன். அவள் திட்டவில்லை.

"நீங்க வேற யாராண்டயோ போனீங்கன்னு நான் சொல்லல. டெய்லி கயட்டி, டெய்லி மாட்டிக்கினு வந்து, என் மூஞ்சப் பாத்து சிரிச்சீங்களே. எங்க நைனாவும் அப்படித்தான் சிரிப்பாரு."

பலகையைப் பற்றி மறுபடி சொன்னேன். மோதிரத்துக்கென்று ஒரு பலகை எந்தக் கம்பெனியில் இருக்கிறது என்று கேட்டாள். யோசித்துப் பார்த்தால் அவள் கேட்டதும் நியாயம்தான். கேள்விப்படாத ஆளுக்கு அது கட்டுக்கதை மாதிரிதான் இருக்கும். டீயைக் குடித்துவிட்டுத் தனியாகத் திரும்பினேன். ஒரே ஒரு ஸ்டேஷன் தூரம், வாழ்க்கையில் அவ்வளவு நீளமான பயணம் நான் போனதில்லை.

பாயிடம் போய்ச் சொன்னேன். அவர் எனக்காகப் பரிதாபப்படவில்லை, கோபப்பட்டார். ஒரு வருஷமாகத் தன் ஆணியில் வீட்டுக்குத் தெரியாத திருட்டு மோதிரத்தையா தொங்கவிட்டாய் என்று கேட்டார். பிறகு கொஞ்சம் தணிந்து, அடுத்த வாரம் ஆயுத பூசை, அன்றைக்குக் குடும்பத்தை உள்ளே விடுவார்கள், கூட்டி வா, மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார்.

ஆயுத பூசை அன்று எங்கள் ஷெட்டே வேறு மாதிரி இருக்கும். மெஷின்கள் எல்லாம் துடைத்து, சந்தனப் பொட்டு வைத்து, வாழைக்கன்று கட்டி, ஊமையாக நிற்கும். பெண்களும் பிள்ளைகளும் பொரி தின்றுகொண்டே நடப்பார்கள். வேலைக்காரர்கள் அத்தனை பேரிலும் தன் இடத்தை அதிகமாகத் தேய்த்து வைத்திருப்பவர் பாய்தான். பித்தளை வில்லைகளைப் புளி போட்டு விளக்கியிருப்பார். ரோசி வருவாள் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. மாமியார் அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தார்.

அன்றைக்கு ஆணிகளில் மோதிரம் எதுவும் இல்லை, மெஷின் ஓடாத நாளாயிற்றே. வெறும் பலகையைப் பார்த்து அவள் என்ன நம்புவாள்? பாய் அவர்கள் இரண்டு பேரையும் ஜன்னலுக்கு உள்ளே கூப்பிட்டு, கிட்டத்தில் பார்க்கச் சொன்னார். வெள்ளைப் பலகையில் சில ஆணிகளுக்குக் கீழே வட்ட வட்டமாக எண்ணெய்க் கறை. தினமும் கருவிகளைத் தொட்ட எண்ணெய்க் கையால் மாட்டி மாட்டிப் படிந்த கறை. கல்யாணமாகாத பையன்களின் ஆணிக்குக் கீழே பலகை பளிச்சென்று இருந்தது. நாற்பத்தாறின் கீழே ஒரு வட்டம் இருந்தது. ஒரு வருஷத்துக் கறை என்பதால் கொஞ்சம் இளசு.

மாமியார் அந்தப் பலகையை மேலிருந்து கீழ்வரை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இத்தினி பேரும் கயட்டிட்டு, இத்தினி பேரும் திரும்பி மாட்டிக்கினு ஊட்டுக்குப் போறாங்களா?"

"போறாங்கம்மா. நான்தான கையில குடுத்து அனுப்பறேன்" என்றார் பாய்.

மாமியார் தலையை ஆட்டிக்கொண்டே முந்தானையால் மூக்கைத் துடைத்தார். அவர் அழுதது என் விஷயத்துக்காக இல்லை என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரிந்தது.

ரோசி என் மெஷின் எது என்று கேட்டாள். கூட்டிப்போனேன். மேலே ஒரு டன் இரும்பு, கீழே ஒரு மேடை, நடுவில் ஒரு சாண் இடைவெளி. தகட்டை அந்த இடைவெளிக்குள் வைத்து எடுப்பதுதான் என் வேலை. அவள் வளையல் கையை உள்ளே நீட்டி, மேலே நிமிர்ந்து பார்த்தாள். சட்டென்று கையை எடுத்துக்கொண்டாள். என் கையைப் பிடித்து மோதிரத்தை அவளே கழற்றினாள். விடுவிடுவென்று டூல் ரூமுக்கு நடந்துபோய் நாற்பத்தாறாம் ஆணியில் மாட்டினாள். கறை வட்டத்தின் மேல் மோதிரம் சரியாகப் பொருந்தி நின்றது.

"கயட்டிக்கங்க. ஆனா என்னாண்ட சொல்லிட்டு கயட்டுங்க."

அன்று சாயங்காலமே கும்மிடிப்பூண்டி வீட்டுக்கு வந்துவிட்டாள். மறுநாள் வேலைக்குக் கிளம்பும்போது, போய்ட்டு வரேன் என்பதற்குப் பதிலாக "கயட்டிட்டு வரேன்" என்றேன். கிண்டலுக்குத்தான் சொன்னேன். அவள் சிரிக்காமல், சரி என்று தலையாட்டினாள். அதற்குப் பிறகு அதுவே எங்கள் வீட்டுப் பேச்சாகிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர்கள் என்ன நினைத்தார்களோ தெரியாது. மூன்று ஷிப்டிலும், மழையிலும், சண்டை போட்டு முகம் கொடுத்துப் பேசாத நாட்களிலும்கூட அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமல் நான் படி இறங்கியதில்லை. பிள்ளைகள் பிறந்தார்கள், வளர்ந்தார்கள், அப்பா வேலைக்குப் போவதற்கு அதுதான் பெயர் என்று நினைத்தார்கள்.

அப்புறம் ஆர்டர் குறைந்தது. மூன்று ஷிப்ட் இரண்டானது, இரண்டு ஒன்றானது. ஒரு வெள்ளிக்கிழமை எங்களை எல்லாம் கூப்பிட்டு, திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பாய்க்கு அப்போது தாடி முழுக்க நரைத்திருந்தது. வழக்கம்போல ஜன்னலில் குவிந்த எங்களை வரிசையில் நிற்கச் சொல்லி, ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு மோதிரத்தை உள்ளங்கையில் வைத்தார். வில்லையை யாரிடமும் திருப்பிக் கேட்கவில்லை. முனுசாமி முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதான். நானும் அழுதேன், மரத்தூள் கண்ணில் விழுந்தது என்று சொன்னேன்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ரோசியிடம் எப்படிச் சொல்வது என்றுதான் யோசனை. மறைக்கும் எண்ணம் மட்டும் வரவில்லை. வாசலில் பையை வாங்கிக்கொண்டு அவள் என் விரலைத் தொட்டாள்.

"இனிமே கயட்டற வேல இல்ல ரோசி" என்றேன்.

அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. முதல் ஷிப்டுக்குக் கிளம்பிய காலையில் அவள் என்னிடம் கேட்ட ஒரே வரம் அது. அது கிடைத்த அன்று, என் விரலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

அந்த ஷெட் இப்போது ஏதோ சாமான் இறக்கி வைக்கும் கிடங்கு. பிரஸ்களைப் பழைய இரும்புக்கு ஏற்றிப் போய்விட்டார்கள். பலகை என்ன ஆனதோ, யாராவது அடுப்புக்கு உடைத்திருப்பார்கள். பாய் பழவேற்காட்டிலேயே அடக்கமாகிவிட்டார், நாங்கள் நாலைந்து பேர் போய் வந்தோம். கடம்பத்தூருக்குக் குடிவந்த பிறகு நான் செய்த வேலைகள் எல்லாம் மோதிரம் போட்டுக்கொண்டே செய்கிற சில்லறை வேலைகள்தான். காவல், கணக்கெழுத்து, கொஞ்ச நாள் ஒரு மளிகைக் கடை. ரோசி இப்போது என் விரலைத் தொட்டுப் பார்ப்பதில்லை, பார்க்க வேண்டிய அவசியமும் அவளுக்கு இல்லை.

வீட்டை விட்டுக் கிளம்பும்போது எல்லோரையும் போல நானும் போய்ட்டு வரேன் என்றுதான் சொல்கிறேன். அவளும் உள்ளே இருந்தபடியே சரி என்கிறாள்.